15,000 ரூபாய்க்கு ஓர் ஆன்லைன் கடை: ஃப்ரீலான்ஸ் மென்பொருள் வேலைக்கு ரேட் ஏன் இவ்வளவு குறைவு?

தனியாக மென்பொருள் வேலை செய்பவர்களுக்கு வாட்ஸ்அப் குழுக்களில் வரும் வேலை அறிவிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். "ஈ-காமர்ஸ் வெப்சைட் வேணும். ஆண்ட்ராய்டு ஆப்பும் வேணும். அட்மின் பேனல், பேமென்ட் கேட்வே, எஸ்எம்எஸ், கூரியர் டிராக்கிங் எல்லாம் இருக்கணும். சிம்பிள் வேலைதான். பட்ஜெட் 15,000. பத்து நாள்ல முடியணும்." சற்று நேரத்தில் கீழே நான்கைந்து பேர் கை தூக்கியிருப்பார்கள். அதில் ஒருவர் 12,000-க்கே முடித்துத் தருகிறேன் என்பார்.

இதைப் பார்த்துக் கொதிப்பவர்கள் உண்டு. வேறு வழியில்லை என்று ஒப்புக்கொள்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்தத் தொகைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது, என்னென்ன விட்டுப்போயிருக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சம்பளத்துக்கு ஆள் வைத்தால் முதலாளி சுமக்க வேண்டிய செலவும், வேலை சொதப்பினால் வரும் நஷ்டமும் ஃப்ரீலான்ஸ் வேலையில் சத்தமில்லாமல் செய்பவர் தலைக்கு மாறிவிடுகின்றன. குறைந்த ரேட் என்பது பெரும்பாலும் இந்த இடமாற்றம்தான். உங்கள் திறமைக்கு யாரோ போட்ட மதிப்பெண் என்று அதை எடுத்துக்கொள்ளவே கூடாது.

சம்பளத்தை 176-ஆல் வகுத்தால்

சென்னையில் ஐந்து வருட அனுபவமுள்ள ஒரு டெவலப்பர் மாதம் 70,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வேலையை விட்டுவிட்டுத் தனியாக வந்ததும் அவர் போடும் முதல் கணக்கு இப்படி இருக்கும்: மாதம் 22 நாள், நாளுக்கு 8 மணி, ஆக 176 மணி. 70,000-ஐ 176-ஆல் வகுத்தால் 398. மணிக்கு 400 ரூபாய் கிடைத்தால் பழைய சம்பளம் வந்துவிடும், 500 கேட்டால் லாபம் என்று நினைத்துக்கொள்வார். நன்றாக வேலை தெரிந்தவர்கள்கூட இந்த இடத்தில்தான் முதல் வருடத்தைத் தொலைக்கிறார்கள்.

வருடத்தின் 365 நாளில் சனி, ஞாயிறு 104 நாள் போனால் 261. பண்டிகை விடுமுறை 12 நாள். காய்ச்சல், கல்யாணம், ஊர்த் திருவிழா, பிள்ளையின் பள்ளிக்கூடம் என்று 20 நாள். மிச்சம் 229 நாள், அதாவது 1,832 மணி நேரம். கம்பெனியில் இருந்தவரை இந்த நேரம் முழுவதற்கும் சம்பளம் வந்தது. மீட்டிங்கில் உட்கார்ந்திருந்த நேரத்துக்கும், டீ குடித்த நேரத்துக்கும், புதிதாக ஒரு ஃபிரேம்வொர்க் படித்த நேரத்துக்கும் சேர்த்துத்தான். தனியாக வந்தபின் கொட்டேஷன் எழுதுவது, "ஒரு சின்ன கால் பேசலாமா" என்பவர்களோடு பேசுவது, பில் அனுப்புவது, பணத்துக்காக நினைவூட்டுவது, படிப்பது எல்லாம் சொந்த நேரம். மொத்த நேரத்தில் 60 சதவீதத்துக்குப் பில் போட முடிந்தால் அது நல்ல வருடம். அப்படிப் பார்த்தால் கையில் இருப்பது 1,100 மணி.

இனி செலவு. குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு 30,000. 90,000 ரூபாய் லேப்டாப் மூன்று வருடம் உழைத்தால் வருடத்துக்கு 30,000. இணையம், கரண்ட், இன்வெர்ட்டர் 20,000. ஆடிட்டருக்கு 15,000. கிளவுட், ஏஐ கருவிகள், டொமைன் என்று சந்தாக்கள் 40,000. கம்பெனி கட்டிவந்த பி.எஃப்., கிராஜுவிட்டி ஆகியவற்றுக்கு ஈடாக நாமே ஒதுக்க வேண்டியது 84,000. இவை மட்டும் 2,19,000. பழைய சம்பளம் வருடத்துக்கு 8,40,000. இரண்டும் சேர்ந்து 10,59,000. இதை 1,100-ஆல் வகுத்தால் மணிக்கு 960 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வரும்.

பழைய சம்பளத்தோடு சமமாக நிற்பதற்கே 960. இதில் லாபம் கிடையாது. வேலையே வராத மூன்று மாதத்துக்கான கையிருப்பு கிடையாது. பணம் தராமல் போகும் ஒரு வாடிக்கையாளருக்கான ஈடும் கிடையாது. உங்கள் எண்கள் வேறாக இருக்கலாம். மதுரையில் சொந்த வீட்டில் இருப்பவருக்குக் குறையும். சென்னையில் வாடகை கொடுத்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைப்பவருக்குக் கூடும். ஆனால் 400-க்கும் 960-க்கும் இடையிலான அந்தப் பள்ளம் யாருக்கும் மூடிக்கொள்வதில்லை.

டாலரில் வரும் வேலைக்கும் இதே கணக்குதான். மணிக்கு 10 டாலர் என்றால் ஊரில் பெரிதாகத்தான் கேட்கும். கணக்குக்காக ஒரு டாலர் 85 ரூபாய் என்று கொண்டால் 850 ரூபாய். அப்வொர்க் போன்ற தளம் 10 சதவீதம் எடுத்தால் 765. ஃபைவர் 20 சதவீதம் எடுத்துக்கொள்கிறது, அங்கே 680. அதற்குமேல் அந்நியச் செலாவணியை ரூபாயாக மாற்றும்போது வங்கியோ பணப் பரிமாற்ற நிறுவனமோ ஒரு பகுதியைக் கழிக்கும். ஆக 10 டாலர் வேலை நம் டெவலப்பரை அவர் விட்டு வந்த சம்பளத்துக்கும் கீழேதான் உட்கார வைக்கிறது.

இப்போது அந்த 15,000-க்கு வருவோம். 960-ஆல் வகுத்தால் பதினைந்தரை மணி நேரம். இரண்டே வேலை நாள். கேட்டிருப்பதோ ஒரு வெப்சைட், ஓர் ஆப், ஓர் அட்மின் பேனல்.

பேமென்ட் கேட்வே என்ற ஒரே ஒரு வரி

அந்த அறிவிப்பில் "பேமென்ட் கேட்வே" என்று போகிற போக்கில் இருந்த இரண்டு வார்த்தையை மட்டும் எடுத்துக்கொள்வோம். கேட்வே நிறுவனம் தரும் மாதிரி கோடை ஒட்டி, டெஸ்ட் மோடில் ஒரு ரூபாய் கட்டிப் பார்த்து, "சக்சஸ்" என்று திரையில் வர வைக்க அரை நாள் போதும். வேலை கொடுப்பவர் மனதில் இருப்பது இந்த அரை நாள்தான். மீதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

வாடிக்கையாளர் ஜிபேயில் பணம் கட்டுகிறார். கணக்கிலிருந்து பணம் போய்விட்டது. கடைப் பக்கத்துக்குத் திரும்பி வருவதற்குள் அவர் போனில் சிக்னல் போய்விடுகிறது. கடையின் கணக்குப்படி ஆர்டரே இல்லை. அவர் கணக்குப்படி காசு போயாயிற்று. இதைச் சமாளிக்க, உலாவியை நம்பாமல் கேட்வேயின் சர்வரே நம் சர்வருக்கு நேரடியாகத் தகவல் சொல்லும் வெப்ஹுக் வைக்க வேண்டும். அந்தத் தகவல் உண்மையிலேயே கேட்வேயிலிருந்துதான் வந்ததா என்று கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும். இல்லாவிட்டால் எவனோ ஒருவன் "பணம் கட்டியாயிற்று" என்று பொய்த் தகவல் அனுப்பிப் பொருளை வாங்கிக்கொண்டு போவான். அதே தகவல் இரண்டு முறை வரக்கூடும் என்று கேட்வேக்களின் கையேடுகளிலேயே போட்டிருக்கிறது. இரண்டாவது முறை வரும்போது இரண்டாவது ஆர்டர் உருவாகாமல் தடுக்க வேண்டும். தொகை திரும்பக் கொடுப்பது, பாதித் தொகை மட்டும் திரும்பக் கொடுப்பது, கேட்வேயில் வந்த பணமும் வங்கியில் விழுந்த பணமும் ஒத்துப்போகிறதா என்று தினமும் பார்ப்பது என்று இன்னும் நீளும். கவனமாகச் செய்தால் இது மட்டுமே ஐந்தாறு நாள் வேலை.

15,000-க்கு ஒப்புக்கொண்டவர் இதையெல்லாம் செய்ய மாட்டார், செய்யவும் முடியாது. அது அவருடைய நேர்மைக் குறைவு அல்ல. அந்தத் தொகைக்குள் அந்த வேலை இல்லை. மூன்று மாதம் கழித்து முதல் பண்டிகைச் சீசனில் நாற்பது பேர் "காசு போச்சு, பொருள் வரல" என்று போன் செய்யும்போது கடைக்காரர் ராத்திரி பத்து மணிக்கு டெவலப்பரைக் கூப்பிடுவார். அந்த ராத்திரிக்குப் பில் கிடையாது.

ஐபிஎம்மில் ஓஎஸ்/360 என்ற பெரிய இயக்க முறைமைத் திட்டத்தை நடத்திய ஃபிரெட் புரூக்ஸ், 1975-ல் வெளிவந்த 'தி மித்திக்கல் மேன்-மன்த்' நூலில் இதற்கு ஒரு கணக்கே வைத்திருக்கிறார். தன் கணினியில் தனக்கு ஓடும் ஒரு நிரலை, மற்றவர்கள் நம்பிப் பயன்படுத்தும்படி சோதித்து, ஆவணப்படுத்தித் தருவதற்கு மூன்று மடங்கு உழைப்பு. அதை மற்ற நிரல்களோடு சேர்ந்து இயங்கும் பெரிய அமைப்பின் பகுதியாக்க மறுபடி மூன்று மடங்கு. ஆக ஒன்பது மடங்கு. அது அவர் அனுபவத்தில் வந்த தோராயம்தான். ஐம்பது வருடம் கழித்தும் "எங்க பையன் ரெண்டு நாள்ல போட்டுடுவான்" என்ற பேச்சு வருகிறது. அந்தப் பையன் போடுவது முதல் மடங்கு. அது பொய்யல்ல. மீதி எட்டு மடங்கைப் பற்றி அந்தப் பேச்சில் யாரும் வாய் திறப்பதில்லை.

தரம் கண்ணுக்குத் தெரியாத சந்தை

சரி, விவரம் தெரிந்தவர்கள் இவ்வளவு பேர் இருந்தும் ரேட் ஏன் கீழேயே போகிறது? முதல் காரணம், வாங்குபவருக்குத் தரம் தெரியாது. வெப்ஹுக் வைத்த கடையும் வைக்காத கடையும் டெமோவில் ஒன்றுபோலவே இருக்கும். பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து இதை விளக்கினார். அதையொட்டிய ஆய்வுகளுக்காக 2001-ல் நோபல் பரிசையும் பகிர்ந்துகொண்டார். விற்பவருக்கு மட்டும் வண்டியின் குறை தெரியும். வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் நல்ல வண்டிக்கும் ஓட்டை வண்டிக்கும் சேர்த்து ஒரு சராசரி விலையைத்தான் அவர் கொடுக்கத் துணிவார். அந்த விலைக்குக் கட்டுப்படியாகாத நல்ல வண்டிக்காரர் சந்தையை விட்டுப் போவார். சராசரித் தரம் இறங்கும். விலையும் கூடவே இறங்கும்.

ஃப்ரீலான்ஸ் சந்தையில் நடப்பது அச்சு அசலாக இதுவே. ஒருமுறை 15,000 கொடுத்துக் கைசுட்டுக்கொண்ட கடைக்காரர், அடுத்த முறை அதிகம் கொடுத்து நல்ல ஆளைத் தேடுவார் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அவரோ "எப்படியும் இவங்க சரியாச் செய்யப் போறதில்ல, அதுக்கு எதுக்கு ஒரு லட்சம்?" என்று இன்னும் கீழே இறங்கிப் பேசுகிறார். அவர் நிலையில் அது நியாயமான முடிவுதான். அரைகுறையாக வேலை செய்துவிட்டுப் போன முன்னவர் தன் ரேட்டோடு உங்கள் ரேட்டையும் சேர்த்துக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இரண்டாவது, ஏலம். பத்துப் பேர் ஒரே வேலைக்கு விலை சொல்லும்போது வேலை யாருக்குப் போகும்? பெரும்பாலும் மிகக் குறைவாகச் சொன்னவருக்கு. மிகக் குறைவாகச் சொன்னவர் யார்? வேலையின் அளவை மிக மோசமாகத் தப்புக்கணக்குப் போட்டவர். அமெரிக்க எண்ணெய் நிறுவனங்கள் கடலடி நிலங்களை ஏலம் எடுத்தபோது, ஜெயித்தவர்களே நஷ்டப்பட்டதைக் கவனித்து 1971-ல் மூன்று பொறியாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். அங்கே அதிகமாக மதிப்பிட்டவர் ஜெயித்து நஷ்டப்பட்டார். இங்கே குறைவாக மதிப்பிட்டவர் ஜெயித்து நஷ்டப்படுகிறார். ஆன்லைன் தளங்களில் இந்த ஏலம் உலக அளவில் நடக்கிறது. டாக்காவிலும் லாகோஸிலும் கராச்சியிலும் இருப்பவர் அவரவர் ஊர் வீட்டு வாடகையை வைத்து விலை சொல்கிறார். அப்வொர்க்கின் முன்னோடிகளில் ஒன்றான ஓடெஸ்க் 2014-ல் மணிக்குக் குறைந்தபட்சம் 3 டாலர் என்று ஒரு தரையைப் போட்டது. தரை போட வேண்டிய நிலை வந்தது என்றால் அதற்கும் கீழே விலை சொன்னவர்கள் இருந்தார்கள் என்றுதான் அர்த்தம். ஏலத்தில் கலந்துகொள்வதற்கே இப்போது காசு வேண்டும். அப்வொர்க்கில் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் 'கனெக்ட்ஸ்' என்ற டோக்கனை விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. வேலை கிடைக்காவிட்டாலும் அந்தச் செலவு நம்முடையது.

அந்தத் தளத்தின் கமிஷன் வரலாறும் தெரிந்திருப்பது நல்லது. 2016 முதல் ஒரு வாடிக்கையாளரிடம் வாங்கும் முதல் 500 டாலருக்கு 20 சதவீதம், 10,000 டாலர் வரை 10, அதற்கு மேல் 5 என்று இருந்தது. சின்னச் சின்ன வேலை செய்பவரிடம்தான் அதிகம் பிடித்தார்கள். 2023-ல் எல்லோருக்கும் 10 என்றானது. 2025-ல் புதிய ஒப்பந்தங்களுக்கு 0 முதல் 15 வரை வேலையைப் பொறுத்து மாறும் என்றார்கள். ரேட் சொல்லும் முன் அன்றைய கமிஷனைப் பார்த்து அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மூன்றாவது காரணம் நம் ஊருக்கே உரியது. ஐடி சேவை நிறுவனங்களில் புதிதாகச் சேர்பவருக்கு வருடத்துக்கு மூன்று, மூன்றரை லட்சம் என்ற சம்பளம் பத்து வருடத்துக்கும் மேலாகப் பெரிதாக நகரவில்லை. வேலை கொடுக்கும் சிறு முதலாளியின் மனதில் 'சாஃப்ட்வேர் பையன்' என்றால் மாதம் 25,000 என்ற எண் பதிந்துவிட்டது. பதினைந்து வருட அனுபவத்தோடு போய் நின்றாலும் பேரம் அந்த எண்ணிலிருந்துதான் தொடங்குகிறது.

காண்ட்ராக்ட் வேலையில் இருப்பவர்களுக்கு வேறு ஒரு சிக்கல். வேலை நடப்பது பெரிய கம்பெனியில். அது ஒரு வெண்டாரிடம் ஆள் கேட்கும். அவர் இன்னொரு சின்ன வெண்டாரிடம் கேட்பார். அவர் உங்களைத் தன் பே-ரோலில் போடுவார். கம்பெனி உங்கள் பேரில் கொடுப்பது பில் ரேட். உங்கள் கைக்கு வருவது பே ரேட். உதாரணத்துக்குக் கம்பெனி மாதம் 2,00,000 கொடுக்கிறது, முதல் வெண்டார் 20 சதவீதமும் இரண்டாமவர் 15 சதவீதமும் எடுத்துக்கொள்கிறார்கள் என்றால் உங்களுக்கு 1,36,000. இடைத்தரகர் வேலையும் ஒரு வேலைதான். ஆள் தேடுவதற்கும், கம்பெனி 60 நாள் கழித்துப் பணம் தந்தாலும் உங்களுக்கு மாதா மாதம் தருவதற்கும் அவருக்கு ஒரு பங்கு சேர வேண்டும். ஆனால் ஒரே வேலைக்கு மூன்று தரகர் நிற்கும்போது, அதில் இருவர் உங்கள் பயோடேட்டாவை மெயிலில் தள்ளிவிட்டதைத் தவிர ஒன்றும் செய்திருக்க மாட்டார்கள். எனவே முதல் போனிலேயே கேட்க வேண்டிய கேள்வி: "மேடம், எண்ட் கிளையன்ட் யாரு? நடுவுல எத்தனை லேயர்?" பதில் சொல்ல மறுத்தால் அதுவே ஒரு பதில். "இப்ப என்ன சம்பளம் வாங்குறீங்க?" என்று அவர்கள் கேட்டால் எண்ணைச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. "இந்த ரோலுக்கு என் ரேட் இவ்வளவு" என்று சொன்னால் போதும்.

"இதைத்தான் சாட்ஜிபிடியே எழுதித் தருதே" என்பது சமீபத்திய பேரம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. கோடை அடிக்கும் நேரம் குறைந்திருக்கிறது. வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும், கருவி எழுதிக் கொடுத்ததில் தப்பைக் கண்டுபிடிப்பதும், ராத்திரி பத்து மணிக்குப் போன் வந்தால் பதில் சொல்வதும் குறையவில்லை. ஆனால் மணிக்கணக்கில் பில் போடுபவருக்கு இதில் ஒரு நிஜமான ஆபத்து உண்டு: பத்து மணி வேலையை ஆறு மணியில் முடித்தால் நான்கு மணிக் கூலி போய்விடும். அதனால் மேலே போட்ட 960 கணக்கை நம் நோட்டில், நமக்கான அடிமட்ட அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளரிடம் மொத்த வேலைக்கு ஒரு விலை சொல்வதே இனி நல்லது.

எப்படிப் பேசுவது

கொதித்துப் பேசுவதால் ரேட் ஏறாது. திருப்பூரில் பனியன், டிசர்ட் விற்கும் ஒருவர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்: "எங்க மச்சான் பையன் பத்தாயிரத்துக்கே போட்டுத் தாரேங்கறான் தம்பி. நீங்க என்னங்க ஒன்றரை லட்சங்கறீங்க?" இதற்கு மச்சான் பையனைக் குறை சொல்லக் கூடாது. "அண்ணா, உங்களுக்கு இப்ப ஒரு நாளைக்கு நாலு ஆர்டர் வருதுன்னா என்கிட்ட எழுதவே வேண்டாங்க. மாச வாடகைக்கு ரெடிமேட் கடை கிடைக்குது. அதுல படம் போட்டு, பேமென்ட் செட் பண்ணிக் குடுக்க 15,000 வாங்கிக்கறேன். நாளைக்கு நாப்பது ஆர்டர் ஆகி, ஸ்டாக்கும் டேலியும் ஒத்துப்போகலைங்கற நிலைமை வந்தா, அப்பக் கூப்பிடுங்க. அப்ப ஒன்றரை லட்சம் உங்களுக்கே கம்மியாத் தெரியும்."

இந்தப் பதிலில் ரேட் குறையவில்லை, வேலைதான் குறைந்தது. 15,000 மட்டுமே இருப்பவருக்கு 15,000-க்கு உரிய வேலையைச் சொல்லிக் கொடுப்பதுதான் மரியாதை. சின்னக் கடைக்காரர்கள் பலர் ஏமாற்றுவதற்காகக் குறைத்துக் கேட்பதில்லை. வேலையின் அளவு அவர்களுக்குத் தெரியவில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. என் கோபமெல்லாம், முதலீட்டாளர் பணம் கையில் வைத்துக்கொண்டு "இப்ப கம்மியாப் பண்ணுங்க, அடுத்த புராஜெக்ட் பெருசு" என்றும், "உங்க போர்ட்ஃபோலியோவுக்கு நல்லது" என்றும் சொல்பவர்கள் மேல்தான். அடுத்த புராஜெக்ட் உண்மையிலேயே பெரிதாக இருந்தால் அதில் தள்ளுபடி தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். தேர்வு என்ற பெயரில் நான்கு நாள் வேலையை இலவசமாக வாங்குவதும் இதே ரகம். ஒரு மணி நேரத்துக்குமேல் போகும் எந்தச் சோதனை வேலைக்கும் பணம் கேளுங்கள்.

படித்து முடித்து முதல் வேலை தேடும் பிள்ளைகள் குறைந்த ரேட்டுக்கு ஒன்றிரண்டு வேலை எடுப்பதில் தப்பில்லை. அதை எழுத்தில் "அறிமுக விலை, வழக்கமான விலை இவ்வளவு" என்று பில்லிலேயே காட்டிவிட வேண்டும். பில்லில் 60,000 போட்டு 40,000 தள்ளுபடி என்று எழுதினால், அந்த வாடிக்கையாளர் அடுத்தவருக்கு உங்களைச் சொல்லும்போது 60,000 என்ற எண்ணும் கூடவே போகும்.

பணம் வராமல் போனால்

குறைந்த ரேட்டைவிடக் கொடியது, அந்தக் குறைந்த ரேட்டும் வராமல் போவது. இதில் சட்டம் நம் பக்கம் கொஞ்சம் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை.

தனி ஆளாக இருந்தாலும் அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகப் பதிவு செய்துகொள்ளலாம், கட்டணம் இல்லை. 2006-ம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழிலிடம் சேவை வாங்கியவர் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் தேதி எதுவும் இல்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டு வட்டியாக. எம்எஸ்எம்இ அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் கொடுத்தால் அது வசதியாக்க மன்றத்துக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இந்த மன்றங்கள் உண்டு. தீர்ப்பை எதிர்த்துப் போக வேண்டுமானால் எதிர்த்தரப்பு 75 சதவீதத் தொகையை முதலில் கட்ட வேண்டும். அதனால் மன்றத்திலிருந்து நோட்டீஸ் போனாலே பல கம்பெனிகள் பேச்சுக்கு வரும். ஒன்று மட்டும் முக்கியம்: வேலை தொடங்குவதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். தகராறு வந்தபின் பதிவு செய்துவிட்டுப் போனால் சட்டச் சிக்கல் வரும். வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் இந்த வழி செல்லாது. நியூயார்க் நகரில் 2017 முதல் ஃப்ரீலான்சர்களுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. 800 டாலரோ அதற்கு மேலோ உள்ள வேலைக்கு எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், தேதி குறிப்பிடாவிட்டால் 30 நாளில் பணம் தர வேண்டும். நம் ஊரில் அப்படி நேரடியாக ஒன்று இல்லாத குறையை எம்எஸ்எம்இ சட்டம்தான் ஓரளவு நிரப்புகிறது.

இதைவிட வலுவான பிடி ஒன்று உங்கள் கையிலேயே இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி கணினி நிரல் ஓர் இலக்கியப் படைப்பு. சம்பள ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளிக்கு. ஒப்பந்தத்துக்கு வேலை செய்யும் தனி ஆள் எழுதினால், எழுத்துமூலம் மாற்றித் தரும்வரை உரிமை எழுதியவருக்கே. மாற்றித் தரும் பத்திரத்தில் கால அளவு சொல்லாவிட்டால் ஐந்து வருடம் என்றும், எல்லை சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஒழுங்கான ஒப்பந்தம் அவர்களுக்கும் தேவை. அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "முழுத் தொகையும் வந்து சேர்ந்தபின் உரிமை மாறும்." கம்பெனி பெரிதாக இருந்தால் அவர்களுடைய வக்கீலுக்கு இந்த வரியின் கனம் உடனே புரியும். அவர்கள் நீட்டும் ஒப்பந்தத்தில் "எழுதிய கணமே உரிமை கம்பெனிக்கு" என்று இருக்கும். கையெழுத்துக்கு முன் அதைத் தேடிப் பாருங்கள்.

கோபத்தில் சிலர் செய்யும் ஒரு காரியத்தைச் செய்யவே கூடாது. பணம் வராவிட்டால் சைட் தானாக நின்றுபோகும்படி கோடுக்குள் ரகசியமாக ஏதாவது வைப்பது, பழைய பாஸ்வேர்டை வைத்து உள்ளே போய் அழிப்பது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ன் 43, 66 பிரிவுகளில் மாட்டினால் மூன்று வருடம் வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் குற்றவாளி நீங்களாகிவிடுவீர்கள். கடைசித் தவணை வரும்வரை சைட்டை உங்கள் சர்வரிலேயே ஓடவிட்டு அங்கேயே டெமோ காட்டுவது சட்டத்துக்கும் உட்பட்டது, பலனும் உண்டு. தொடங்கும் முன் 30 அல்லது 40 சதவீதம் முன்பணம், நடுவில் ஒரு தவணை, சொந்த சர்வருக்கு மாற்றும் முன் மீதி. முன்பணம் தர யோசிப்பவர் முழுப் பணம் தரும்போது இன்னும் அதிகமாக யோசிப்பார்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கம்பெனி டிடிஎஸ் பிடித்தால் அது உங்கள் ரேட்டில் வெட்டு அல்ல. உங்கள் பான் எண்ணில் வரவாகும், ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம். சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை ஜி.எஸ்.டி. பதிவு பொதுவாகத் தேவையில்லை. பதிவு பெற்றபின் வெளிநாட்டு வேலை செய்தால் எல்.யூ.டி. என்ற உறுதிமொழிக் கடிதம் கொடுத்து வரியில்லாமல் பில் போடலாம். உள்ளூர் வேலைக்கு 18 சதவீதம் வரும், கொட்டேஷனிலேயே "ஜி.எஸ்.டி. தனி" என்று எழுதாவிட்டால் அதுவும் உங்கள் கையிலிருந்துதான் போகும்.

பழைய வாடிக்கையாளர்களிடம் ரேட்டை உயர்த்துவதுதான் பலருக்கும் கூச்சமான வேலை. மூன்று வருடத்துக்கு முன் ஒப்புக்கொண்ட மாதப் பராமரிப்புத் தொகை அப்படியே கிடக்கும். கிளவுட் கட்டணம் ஏறியிருக்கும், வாடகை ஏறியிருக்கும். ஏப்ரலில் புதிய நிதியாண்டு தொடங்குவதால் பிப்ரவரியிலேயே ஒரு மெயில் அனுப்பிவிடுங்கள்: "வரும் ஏப்ரல் முதல் பராமரிப்புத் தொகை இவ்வளவு. இதில் மாதம் இத்தனை மணி நேர வேலை அடங்கும். அதற்கு மேற்பட்ட வேலைக்குத் தனி கொட்டேஷன்." காரணம் விளக்கி இரண்டு பக்கம் எழுத வேண்டாம், பட்ஜெட் போடும் நேரத்தில் அவர்கள் கையில் எண் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒருவர் போய்விட்டால் அவருக்குக் கொடுத்துவந்த நேரம் மீள்கிறது. அந்த நேரத்துக்கு இனி புதிய ரேட்டில் ஆள் தேடலாம்.